தண்ணீர் குடிக்கும் செயலாளர்

ஜேர்மன்காரனுக்குப் பகிடி விடவோ சிரிக்கவோ தெரியாது என்று எங்கள் ஆட்கள் மத்தியில் ஒரு கதை இருக்கிறது. அதை நம்புகிறவர்கள் ஒருதரம் இரத்தினவேலுக்கு முன்னால் போய்ச் சொல்லிப் பார்க்க வேண்டும். மனுசன் சோற்றில் கை வைத்திருந்தாலும் உதறிவிட்டு எழும்பி, "ஆர் சொன்னது உமக்கு?" என்று தொடங்கிவிடுவான். பிறகு நீங்கள் நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தமாதிரித்தான்.

கனடாவுக்கு வருவதற்கு முன் அவன் எட்டு வருசம் ஜேர்மனியில் இருந்தவன். டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் ஓர் அகதி விடுதி. வேலை செய்ய அனுமதியில்லாத முதற்காலத்தில் பொது அறைத் தொலைக்காட்சிதான் அவனுக்குக் கதி. விடுதியைப் பார்த்துக்கொண்ட கிழவர் ஒருவர் பின்னேரங்களில் பியர்ப் போத்தலோடு வந்து பக்கத்தில் குந்துவார். மந்திரியை, கட்சிக்காரனை, பொலிஸை எல்லாம் நார் நாராகக் கிழிக்கிற நாடகங்களும் படங்களும் போகும். கிழவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். இரத்தினவேல் முதலில் திரையைப் பார்க்கவில்லை, வாசலைத்தான் பார்த்தான். இப்படிச் சிரித்தால் யாராவது வந்து கதவைத் தட்டுவார்களே என்று அவனுக்கு நெஞ்சு பதறியது. ஒருத்தரும் தட்டவில்லை. ஒருநாள் கிழவரிடம் கேட்டே விட்டான். "பகிடி விட்டதுக்காக ஆட்களைக் கொன்ற நாடு இது. அந்த நேரம் சிரிக்காமல் சேர்த்து வைத்ததை இப்போது செலவழிக்கிறோம்" என்றார் கிழவர். அந்த நாட்டில் தான் கண்ட ரயில், ரோட்டு, மருத்துவமனை எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய அதிசயம் என்று இரத்தினவேல் கனடா வந்த பிறகும் சொல்லித் திரிந்தான்.

அப்படிப் பதிந்து கொண்டுவந்த வீடியோக் கசற் ஒன்று அவனிடம் இருந்தது. படத்தின் கதை இதுதான். ஒரு சின்னப் பட்டணம், அதில் ஒரு கட்சிச் செயலாளர். ஆண்டுவிழாவுக்கு முதல் நாள் அவருக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. ரயில் நிலைய அறிவிப்பாளன் ஒருவன் அவருடைய குரலை அச்சொட்டாக எடுப்பான். அவனை மேடைக்கு அடியில் ஒளித்துவைத்து மைக்கைக் கொடுக்கிறார்கள். மேலே செயலாளர் வாயசைக்கிறார். அசைவு பிழைக்கிற இடமெல்லாம் கிளாஸை எடுத்துத் தண்ணீர் குடித்துச் சமாளிக்கிறார். அவர் தண்ணீர் குடித்தால் சனம் கைதட்டும், அது அவர்களுடைய பழக்கம். கீழே இருக்கிறவனுக்கு எழுதிக்கொடுத்த பேச்சுச் சலித்துப்போய், உண்மையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறான். ரொட்டி இல்லை, நிலக்கரி இல்லை, இந்தப் பேச்சு எனக்கே விளங்கவில்லை. சனம் அதற்கும் கைதட்டுகிறது. மேலிடத்திலிருந்து வந்த இரண்டு பேர் மட்டும் காதுகொடுத்துக் கேட்டுவிடுகிறார்கள். செயலாளரைப் பிடிக்கிறார்கள். "அது நானில்லை" என்று சொல்ல அவர் வாயைத் திறக்கிறார். குரல் வரவில்லை. கரையில் போட்ட மீன் மாதிரி வாய் திறந்து மூடுகிறது. சனம் கைதட்டுகிறது. படம் முடிந்தது.

இதைக் கனடாவில், எங்கள் ஆட்கள் நிறைந்த ஸ்காபரோவில் போட்டுக் காட்டவேண்டும் என்ற விசர் எண்ணம் இரத்தினவேலுக்கு வந்ததில்லை. வந்தது அன்புராசாவுக்கு. அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவில் அவனுக்கு வீடியோக் கடை. ஜேர்மன் கசற் இந்த நாட்டு மெஷினில் ஓடாது. அன்புராசாவின் கடையில் எல்லா நாட்டுக் கசற்றும் ஓடுகிற மெஷின் இருந்தது. அவனும் நாலு நண்பர்களும் சேர்ந்து மாதத்துக்கு ஒரு படம் என்று தங்கள் அப்பார்ட்மென்ற் பார்ட்டி ரூமில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், உன்ர தொண்டை கட்டின ஆளை ஒருக்காக் கொண்டா," என்றான் அன்புராசா. "ஜேர்மன் ஆருக்கு விளங்கும் எண்டு கேளாதை. நீ பக்கத்தில நிண்டு தமிழில சொல்லு."

இரத்தினவேல் தவமணிக்காகத்தான் ஒத்துக்கொண்டான். தவமணி அவனுடைய மனைவி. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே எழும்பி வன்னிக்கு நடந்தபோது அவளுடைய தாய் வழியில் செத்துப்போனாள். ஒரே தம்பி வினோதன், மல்லாவியில் ஒரு கொட்டிலில் தனியே கிடந்தான். அங்கிருந்து வெளியேற, அந்த இடத்தை ஆண்ட இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸுக்குப் பிணை வேண்டும், இளம் பெடியன் என்றால் இங்கிருந்து தகுதியான ஒருவருடைய சிபாரிசும் வேண்டும். அதற்காகத் தவமணி ஏறாத படியில்லை. முன்பெல்லாம் அவள் சிரித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். மூடி போட்ட பானை கொதிக்கிறமாதிரி உள்ளே நின்று நின்று, பிறகு மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு "ஐயோ என்ர அம்மா" என்று முடிப்பாள். தாய் போன பிறகு அந்தச் சிரிப்பு அந்த வீட்டில் கேட்கவில்லை. இரத்தினவேல் என்னென்னவோ செய்து பார்த்தான். அவள் உதட்டை மட்டும் விரித்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுவாள்.

அவனுக்கு மிசிசாகாவில் வேலை. விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற கொம்பனியில் பின்னேர ஷிப்ற். சனி, ஞாயிறு என்றால் கட்டாய வேலை. கிழமை நடுவில்தான் ஓய்வு. அப்படி ஓய்வான ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் பார்ட்டி ரூமில் படம் ஓடியது. முப்பது பேர்வரை வந்திருந்தார்கள். இரத்தினவேல் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்றான்.

அறிவிப்பாளனுக்குத் தன்னுடைய சொந்தக் குரலைக் கொடுத்தான். பொலிஸ்காரனுக்குக் கொஞ்சம் தடித்த குரல். செயலாளர் மேடையேறினார். மேடைப்பேச்சுக்குத் தமிழில் என்ன குரல் கொடுப்பது? யோசிக்க என்ன இருக்கிறது, எங்கள் ஆட்களுக்கு மேடையில் ஒரே ஒரு குரல்தானே! சங்கக் கூட்டமென்ன, சாமத்திய வீடென்ன, செத்தவீடென்ன, மைக்கைக் கண்டால் எல்லாருக்கும் அந்தக் குரல் வந்துவிடும். அதைத்தான் எடுத்துவிட்டான்.

"அன்பார்ந்த பெருமக்களே! இந்தப் பொன்னான வேளையிலே, வரலாறு எங்கள் தோளிலே சுமத்திய இந்தப் பெரும் பொறுப்பை நாங்கள் இறக்கிவைக்கமாட்டோம் என்பதை, நான் இந்த இடத்திலே ஆணித்தரமாக..."

திரையில் செயலாளர் கிளாஸை எடுத்தார். இரத்தினவேல் நிறுத்தினான். அவர் தண்ணீரைக் குடித்துக் கிளாஸை வைத்தார்.

"...ஆணித்தரமாகக் கூறிக்கொள்ள விரும்புகின்றேன்!"

பார்ட்டி ரூம் வெடித்தது. இரத்தினவேலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நல்ல இடம்தான், ஆனால் இவ்வளவுக்கா? அடுத்தமுறை கிளாஸ் எழும்பியபோது கதிரையிலிருந்து ஒருவர் கீழே வழுகியே போய்விட்டார். அதற்குள் அவனுக்கும் உசார் ஏறிவிட்டது. குரலை இன்னும் உருட்டினான். அப்போதுதான் முன்வரிசையில் இருந்து அந்தச் சத்தம் வந்தது. நின்று நின்று, மூடியைத் தள்ளிக்கொண்டு, அறை நிறைய வந்தது. கடைசிக் காட்சியில் செயலாளர் வாயைத் திறந்து திறந்து மூட, தவமணி முன்னுக்கும் பின்னுக்கும் ஆடி, கண்ணைத் துடைத்து, "ஐயோ என்ர அம்மா" என்றாள்.  இனி எனக்கு என்ன வந்தாலும் வரட்டும் என்று இரத்தினவேல் நினைத்தான். மனுசனுக்கு அந்த நேரம் அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்கு வரும்போது காருக்குள்ளும் தவமணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இஞ்சேருங்கோ, தியாகலிங்கம் அண்ணையை அப்பிடியே உரிச்சு வைச்சிட்டியள். தண்ணி குடிக்கிறது, கிளாஸை வைக்கிறது, 'ஆணித்தரமாக' எண்டுறது..."

"ஆர் தியாகலிங்கம்?"

"விளையாடாதேங்கோ."

"சத்தியமா எனக்குத் தெரியாது. ஆர் அது?"

தவமணி திரும்பி அவனுடைய முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"இயக்கத்தின்ர இஞ்சத்தை அமைப்புக்குப் பொறுப்பாளர். இஞ்சை எந்தக் கூட்டம் எண்டாலும் அவர்தானே பேசுறவர். நீங்கள் ஒரு கூட்டத்துக்கும் வந்தாலெல்லோ தெரியும்," என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "தம்பியின்ர பாஸுக்கு நான் அவரிட்டைத்தான் சொல்லியிருக்கிறன்."

இரத்தினவேல் சிக்னலில் பச்சை விழுந்தும் காரை எடுக்கவில்லை. பின்னாலிருந்தவன் கோன் அடித்தான்.

மிச்சத்தை அன்புராசா பார்த்துக்கொண்டான், பாவி. படம் ஓடியபோது முன்வரிசைக்குக் கீழே ஒரு ரேப் ரெக்கோடரை வைத்து முழுவதையும் பதிந்திருக்கிறான். ஆசைக்குத்தான் பதிந்தான், அதில் சூதில்லை. ஆனால் ஒரு நண்பனுக்குக் கொப்பி அடித்துக் கொடுத்தான், அவன் இன்னொருவனுக்குக் கொடுத்தான். மாதம் முடியமுன் ஸ்காபரோவில் டாக்ஸி ஓடுகிறவர்கள், தொழிற்சாலைக்கு வான் வண்டியில் ஆள் ஏற்றுகிறவர்கள் எல்லாரிடமும் அந்தக் கசற் இருந்தது. 'தண்ணிக் கசற்' என்று அதற்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. இறைச்சிக் கடையில் ஒரு முகந்தெரியாத ஆள் இரத்தினவேலின் தோளில் தட்டி, "அண்ணை, உங்களுக்குத் துணிவுதான்" என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் போனான். துணிவாவது மண்ணாவது! அவன் வாங்கின இறைச்சியைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்தான்.

ஒருநாள் காலமை தியாகலிங்கம் தானே வந்தார். தனியே வந்தார், கையில் ஒரு பெட்டி லட்டு. ஐம்பது தாண்டிய, மெலிந்த, நேர்த்தியாகக் கோட்டுப் போட்ட மனிதர். இரத்தினவேல் எதிர்பார்த்த ஆள் இவரில்லை. குரலும் மேடைக் குரலில்லை. கரகரத்துக் கிடந்தது.

"வாங்கோ அண்ணை, இருங்கோ," என்றாள் தவமணி.

"தங்கச்சி, தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம். எனக்குச் சலரோகம்." சோபாவின் நுனியில் இருந்தார். "அதாலதான் தம்பி நான் மேடையில தண்ணி குடிக்கிறனான். நாக்கு ஒட்டிப்போகும். பகட்டுக்குக் குடிக்கிறேல்லை."

இரத்தினவேல் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

"இப்ப நான் கிளாஸைத் தொட்டால் பின்வரிசையில இருமல் தொடங்குது. அதால குடிக்கிறதை விட்டிட்டன். குடிக்காட்டில் தொண்டை போகுது. போன ஞாயிறு அரைவாசியில இறங்கி வந்திட்டன். வீட்டில என்ர சொந்த மகள், நான் தண்ணி எடுத்தால் மேசையை விட்டு எழும்பி ஓடுறாள். சிரிப்பை அடக்கேலாதாம்."

ஐயோ கடவுளே, இரத்தினவேலுக்கு அந்த நேரத்திலும் உள்ளே ஒரு சிரிப்பு கிளம்பியது. அதன் பின்னாலேயே பரிதாபமும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டான்.

"அண்ணை, சத்தியமாச் சொல்லுறன். நான் உங்களை இண்டைக்குத்தான் முதல் காணுறன். உங்கட பேச்சு ஒண்டும் கேட்டதில்லை. அந்த ஜேர்மன்காரன் தண்ணி குடிச்சான், நான் நிப்பாட்டினன். அவ்வளவுதான்."

"காணாமல் இப்பிடி வருமோ தம்பி?" என்றார் அவர் அமைதியாக. அந்த அமைதிதான் பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் நம்பமுடியாத நிலைமை இரத்தினவேலுக்கு. செய்தேன் என்று சொல்லியிருந்தால்கூட மனிதர் மன்னித்திருப்பார்.

தியாகலிங்கம் கோட்டுப் பைக்குள்ளிருந்து கசற்றை எடுத்து அவர்களுடைய செற்றிலேயே போட்டார். பேச்சு ஓடியது, கிளாஸ் எழும்புகிற இடம் வந்தது. சனத்தின் சிரிப்புக்கு மேலாக, ரெக்கோடருக்குக் கிட்டவாக, ஒரு பெண்ணின் சிரிப்பு வீடு நிறையக் கேட்டது. "ஐயோ என்ர அம்மா" என்று முடிந்தது. அவர் நிறுத்தினார்.

"உது ஆர்?"

இரத்தினவேல், "நிறையப் பேர் வந்தவை அண்ணை, ஆரெண்டு..." என்று இழுத்தான்.

"அது நான்தான் அண்ணை," என்றாள் தவமணி. தேத்தண்ணித் தட்டை அவருக்கு முன்னால் நீட்டினாள்.

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்படவில்லை. நொந்துபோன முகம் அது. "என்னட்டை உதவி கேட்டு வந்த பிள்ளை," என்றார்.

பிறகு விசயத்துக்கு வந்தார். பள்ளிக்கூட மண்டபம் ஒன்று எடுத்தாயிற்று. வருகிற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரிய திரை. இரத்தினவேல்தான் மறுபடி குரல் கொடுக்கவேண்டும்.

"அதே படம்தானே தம்பி. ஆளை மட்டும் மாத்துங்கோ. கொழும்பில இருக்கிற ஒரு சிங்கள மந்திரி எண்டு வையுங்கோ. உடைச்ச தமிழில கதைக்கட்டும். சனம் நல்லாச் சிரிக்கட்டும். சிரிக்கவேண்டாமெண்டு நான் ஒரு நாளும் சொல்லேல்லை."

"அண்ணை, அந்தப் படம் அவங்கள் தங்களைப் பார்த்துத் தாங்களே சிரிச்ச படம். ஆளை மாத்தினால் படமே இல்லை."

"அவங்களுக்கு நாடிருக்குத் தம்பி. இருந்து சிரிக்கலாம்."

 இந்தச் சொல்லை இரத்தினவேல் இன்றைக்கும் மனதுக்குள் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறான். தியாகலிங்கம் எழும்பிக் கோட்டை இழுத்துவிட்டார்.

"வினோதன்ர விசயம் என்ர மேசையிலதான் கிடக்கு. நான் ஒரு சொல்லுச் சொன்னால் அங்கை நடக்கும். சொல்லுறதுக்கு மனம் வரவேணுமெல்லே, தங்கச்சி? அண்டைக்கு நீங்களும் முன்வரிசையில வந்து இருங்கோ." லட்டுப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கதவு சாத்தியபிறகு இரத்தினவேல் குதித்தான். "நானென்ன இவற்ற வாத்தியக் குழுவே? மாட்டன்! ஜேர்மனியில எண்டால்..."

"இது ஜேர்மனி இல்லை."

"தவம், நீ சிரிச்சு எவ்வளவு காலம் எண்டு உனக்குத் தெரியுமே? அண்டைக்குத்தான் நீ திரும்பச் சிரிச்சனி. அந்தப் பகிடியை என்ர வாயாலேயே கொல்லச் சொல்லுறியே?"

"எனக்குச் சிரிப்பு வேண்டாம்," என்றாள் தவமணி. "தம்பி வேணும். அம்மாவைத்தான் ரோட்டில விட்டிட்டம். இவனையாவது எடுத்துத் தாங்கோ."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவன் இன்னும் கொஞ்சம் வாதாடியிருப்பான். அவன் வேலைக்கு வெளிக்கிட்டான். அந்தக் கிழமையே அன்புராசாவிடம் போய் அகப்பட்ட கசற் எல்லாவற்றையும் திருப்பி வாங்கி அழிக்கச் சொன்னான். அன்புராசாவும் பயந்துபோயிருந்தான். கொப்பிகளைத் தேடிச் சேர்த்து, அவற்றின்மேல் முருகன் பாட்டுகளைப் பதிந்து, கோயில் திருவிழாவில் விற்கக் கொடுத்துவிட்டான்.

அந்த ஞாயிறு வந்தது. இரத்தினவேல் வேலைக்குச் சுகமில்லை என்று லீவு சொல்லிவிட்டான். மண்டபம் நிரம்பி வழிந்தது. கசற்றைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். விளக்கேற்றினார்கள், செத்த போராளிகளுக்கு எழும்பி நின்று அகவணக்கம் செய்தார்கள், மூன்று பேர் பேசினார்கள். இரத்தினவேல் மேடையின் ஓரத்தில் மைக்கோடு நின்றான். முன்வரிசையில் தியாகலிங்கம், பக்கத்தில் அவருடைய மனைவி, அதற்குப் பக்கத்தில் தவமணி. கலியாண வீட்டுக்கு வந்தமாதிரி நல்ல சேலை கட்டி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள்.

செயலாளர் மேடையேறினார். இரத்தினவேல் கொழும்பு மந்திரியானான். "அம்பான தமில் மக்களே, நாங் உங்கலுக்கு எல்லாங் தாறது..." என்று உடைத்து உடைத்துச் சொன்னான். அவனுடைய காதுக்கே அது ஓட்டைத் தகரத்தைத் தட்டினமாதிரி இருந்தது. திரையில் கிளாஸ் எழும்பியது. இரத்தினவேல் நிறுத்தினான்.

மண்டபத்தில் ஒரு கணம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. எல்லாருக்கும் பழைய குரல் காதுக்குள் கேட்டிருக்கும், அதில் சந்தேகமில்லை. ஒரே ஒருவர் முந்திச் சிரித்திருந்தால் எல்லாம் சரிந்திருக்கும். சனம் தியாகலிங்கத்தின் பிடரியைப் பார்த்தது. அவர் கைதட்டினார். உடனே மண்டபம் முழுவதும் கைதட்டியது.

அதற்குப் பிறகு அதுவே முறையாகிவிட்டது. திரையில் செயலாளர் தண்ணீர் குடிப்பார், ஜேர்மன் சனம் கைதட்டும். இங்கே தியாகலிங்கம் கைதட்டுவார், எங்கள் சனம் கைதட்டும். பகிடி வந்தாலும் தட்டினார்கள், பகிடி இல்லாத இடத்திலும் தட்டினார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இரத்தினவேல் வியர்த்து ஊற்ற நின்றான். அவனுக்கு அந்தக் கிழவருடைய ஞாபகம் வந்தது. இதைப் பார்க்க அவர் பக்கத்தில் இல்லையே என்று தவித்தான். இதைவிடப் பெரிய பகிடி அவன் வாழ்க்கையில் கண்டதில்லை, ஒருவரிடமும் சொல்லவும் முடியாது.

கடைசிக் காட்சி வந்தது. அதற்குக் குரல் தேவையில்லை. செயலாளர் வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். இரத்தினவேல் மைக்கை இறக்கிவிட்டுத் தவமணியைப் பார்த்தான். அவளுடைய கழுத்து நரம்பு துடித்தது. கன்னம் உள்ளுக்குப் போனது. பானை கொதிக்கத் தொடங்கிவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம், சிரியாதே, தம்பியை நினை என்று நெஞ்சு அடித்தது. அதே நெஞ்சு, சிரித்துவிடு தவம், ஒருதரம் சிரித்துவிடு என்றும் அடித்தது. எதை உண்மையாக வேண்டினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

தியாகலிங்கம் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

தவமணி மடியிலிருந்து கைகளை எடுத்தாள். கைதட்டினாள். சனம் அவளுக்குப் பின்னால் தட்டியது.

நன்றியுரை தியாகலிங்கத்துடையது. மேசையிலிருந்த கிளாஸை எடுத்து, அவசரப்படாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார். ஒருவரும் இருமவில்லை. குரல் மணியாக வந்தது. இறங்கி வந்து தவமணியின் தலையில் கை வைத்து, "நாளைக்கே சொல்லுறன் தங்கச்சி" என்றார். சொன்னபடி செய்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பனிக்காலம் முடிகிற நேரம், ஒரு சனிக்கிழமை காலமை, கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. வினோதன் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் நின்றான். தவமணி குசினியில் எடுத்தாள். இரத்தினவேல் அறைக்குள் ஓடிப்போய் மற்றப் போனை எடுத்துக் காதில் வைத்தான். தம்பியின் குரல் கேட்டதும் தவமணி ஓவென்று அழுதாள். தம்பியும் அழுதான். சாப்பிட்டாயா, மெலிந்துபோனாயா, பாஸ்போர்ட் எடுக்கிற அலுவல் எப்படி என்று எல்லாம் கேட்டு முடிந்தது.

"அக்கா, ஒரு புதினம் சொல்லட்டே?" என்றான் வினோதன். "மல்லாவியில ஒரு முருகன் பாட்டுக் கசற் வந்தது, கனடாவில இருந்து ஆரோ அனுப்பினது. இரவில வேற வேலை என்ன, கரண்டும் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சுத்திப் பாட்டுக் கேப்பம். ஒரு பக்கம் பாட்டு. மற்றப் பக்கம் போட்டால் ஆரோ ஒராள் பேச்சுப் பேசுது, சனம் சிரிக்குது. சத்தத்தைக் குறைச்சு, கதவைச் சாத்திப்போட்டுக் கேட்டனாங்கள். அத்தான்ர குரல் எண்டு எனக்குப் பிடிபடேல்லை. பேச்சுக்கு நடுவில ஒரு சிரிப்பு வந்தது. கையில இருந்த பெடலை விட்டிட்டு எழும்பி நிண்டிட்டன். 'டேய், அது என்ர அக்கா, என்ர அக்காவடா' எண்டு சொல்லுறன், ஒருத்தரும் நம்பேல்லை."

அன்புராசா ஒரு பக்கத்தை மட்டும் அழித்துவிட்டு மற்றப் பக்கத்தை மறந்திருக்கிறான். இரத்தினவேல் போனைப் பிடித்தபடி கட்டிலில் இருந்துவிட்டான்.

"அக்கா, அங்கை கொட்டிலுக்குள்ள கிடந்து எத்தினை தரம் அதைக் கேட்டிருப்பன் தெரியுமே? கடைசியில 'ஐயோ என்ர அம்மா' எண்டுவாய். அதுக்காகவே பெடல் சுத்துவன். அம்மாவும் பக்கத்தில இருக்கிறமாதிரி இருக்கும்." அவனுடைய குரல் உடைந்து திரும்பவும் சேர்ந்தது. "ஒருக்காச் சிரி அக்கா. கசற்றில இல்லாமல், நேர கேக்கவேணும்."

 இரத்தினவேலுக்குத் தவமணியின் மூச்சு மட்டும் கேட்டது. அவள் மூச்சை இழுத்தாள், விட்டாள், திரும்ப இழுத்தாள். பிறகு சிரித்தாள். முதலில் கொஞ்சம், பிறகு கொஞ்சம் கூட. பானை கொதிக்கவில்லை, மூடி மட்டும் ஆடியது. ஒன்றும் குறைவைக்காமல் கடைசியில் "ஐயோ என்ர அம்மா" என்றும் சொன்னாள்.

"அக்கா?" என்று கேட்டான் வினோதன், வேறு யாரோ போனில் நிற்கிறமாதிரி.

"லைன் சரியில்லைப் போல அக்கா," என்றான். "வைச்சிட்டுப் பிறகு எடுக்கிறன்."